விலை இருக்கிறது, வாங்க ஆளில்லை

எம்.பி.ஏ. முடித்தவன் நான். ஷேர் மார்க்கெட்டைப் பற்றி எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று திரிந்த காலம் அது. அதாவது, போன மாதம்.

கருமத்தம்பட்டியில் எங்களுக்குப் பன்னிரண்டு தறி. அப்பா நூல் வாங்குவது போனில்தான். வியாபாரி ரேட் சொல்வார், அப்பா "சரிங்க, எடுத்துக்கறனுங்க" என்பார், முடிந்தது. சாயங்காலமே ரேட் இறங்கினாலும் சொன்னது சொன்னதுதான். ஒரு ரேட் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பான். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

அடுத்த நூல் லோடுக்கான பணத்தை அப்பா என் கணக்கில் போட்டிருந்தார். லோடு வரப் பத்து நாள் இருந்தது. பணம் சும்மா எதற்குக் கிடக்க வேண்டும்? காலேஜ் நண்பன் ஒருத்தன் ஒரு பங்கின் சுருக்கப்பெயரை அனுப்பினான். ஆறே ஆங்கில எழுத்து. அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஆப்பில் தேடினேன், பச்சையில் அறுபது ரூபாய். மொத்தத்தையும் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் பொடியாக இன்னும் ரெண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண்காணிப்பில் உள்ள பங்கு, ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவும் விடமாட்டார்கள், இறங்கவும் விடமாட்டார்கள் என்பதற்கான குறியாம் அது. எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று நாள் ஏறியது. நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் திறந்ததுமே ஐந்து சதவீதம் விழுந்து, அறுபத்தைந்தரையில் அப்படியே நின்றது. பரவாயில்லை, இன்னும் லாபம்தானே, விற்றுவிடலாம் என்று பட்டனை அழுத்தினேன். ஆர்டர் போய் வரிசையில் உட்கார்ந்தது. விற்பவர்கள் பக்கம் லட்சக்கணக்கில். வாங்குபவர்கள் பக்கம் ஆப் காட்டும் ஐந்து வரியிலும் பூஜ்யம்.

அந்த நேரம் பார்த்து அப்பா தறிக்கொட்டகையிலிருந்து வந்தார்.

"ஏங் கண்ணு, வியாழக்கெழம நூலுக்குப் பணம் அனுப்போணும். ரெடியா இருக்குதா?"

"ஷேர்ல போட்டுட்டனுங்கப்பா. விக்கறேன், போக மாட்டீங்குது."

கத்துவார் என்று பார்த்தேன். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அறுவத்தஞ்சரைன்னு போட்டிருக்குதே?"

"அது கடைசியா வித்த வெலைங்கப்பா. இப்ப வாங்க ஆளில்லீங்க."

"ஆளே இல்லாம அதென்றா ரேட்டு? சந்தை கலைஞ்சப்பறம் தக்காளி வெல சொல்ற மாதிரி! ரெண்டு வருசம் இதத்தான் படிச்சயா?"

புதன், வியாழன், ரெண்டு நாளும் அதே கதை. மார்க்கெட் திறக்கும் ஒன்பதே கால் மணிக்கு விரலைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பேன். எனக்கு முன்னால் லட்சம் பேர் நிற்பார்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் ஏறாத பஸ்ஸில், ஜன்னலோரம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. இறங்கவும் வழியில்லை.

வியாழன் மத்தியானம் அப்பா வியாபாரிக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏனுங்க, அந்த லோடை வேற ஆருக்காச்சும் குடுத்துப்போடுங்க. என்னால எடுக்க முடியலீங்க."

வியாபாரி குரல் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது. "நீங்க ஒத்துக்கிட்ட ரேட்டுங்களே?"

"ஆமாங்க. நாந்தானுங்க ஒத்துக்கிட்டேன்."

சனிக்கிழமை நூல் தீர்ந்து நாலு தறி நின்றது. மிச்ச எட்டின் சத்தம் வீட்டுக்குள் மெல்லிசாகக் கேட்டது. அப்பா இப்போது என்னிடம் ரேட் கேட்பதில்லை. காலையில் கொட்டகைக்குப் போகும்போது ஒரே கேள்விதான்.

"ஆளு வந்தானா?"

"இல்லீங்கப்பா."