ஆடியில் வந்த குவார்ட்டர்ஸ்

2026 ஜனவரி 8, வியாழக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். நான்கு டிகிரி குளிர், மூடுபனி, காற்று இல்லை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கல்லாக உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை அக்குளில் இடுக்கி இளக்கிக்கொண்டிருக்கிறேன். திருவண்ணாமலைக்காரன் அறுபத்தொன்பது வயதில் செய்கிற வேலையா இது? இது வடக்கே ஒரு ராணுவ முகாமை ஒட்டிய ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று பட்டாளத்தில் இருக்கும் என் மகன் சிவக்குமார் சொல்லியிருக்கிறான். பனி இல்லாத நாளில் இங்கிருந்து பார்த்தால் முகாம் மதிலுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கட்டடங்கள் தெரியும். அதில் இரண்டாவது மாடியில், இடமிருந்து மூன்றாவது வீடு எங்களுக்கு வந்த வீடு. நேற்று அதன் கொடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள் ஏழு காய்ந்தன.

அந்த வீடு கைவிட்டுப் போன கதை அருவருப்பானது. அதில் என் பங்கும் உண்டு. போன வைகாசியில் சிவக்குமாருக்குக் கல்யாணம். பெண் தமிழரசி, கீழ்பென்னாத்தூர், விவசாயக் குடும்பம். லீவு முடிந்து அவன் மட்டும் முகாமுக்குத் திரும்பினான். திருமணமானவர்களுக்கான குவார்ட்டர்ஸுக்கு வரிசை உண்டு, அவன் பெயர் பதினாறாவது. எட்டு மாதம்தான் இந்த ஊர், அதன் பிறகு எல்லைக்குப் போக வேண்டும், அங்கே மனைவிக்கு இடமில்லை. ஆகவே அவர்கள் சேர்ந்து வாழக் கிடைத்தது அந்த எட்டு மாதம்தான். ஆடி முதல் தேதி நம் வழக்கப்படி சம்பந்தி ஏழுமலை சீர்வரிசையோடு வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்து பெண்ணைக் கூட்டிப்போனார். ஆடி ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை சிவக்குமார் போன் செய்தான்.

"அப்பா, குவார்ட்டர்ஸ் வந்துடுச்சி. பத்து நாள்ல அவளும் நானும் சேர்ந்து போய் கையெழுத்துப் போட்டு சாவி வாங்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"ஆடியிலயாடா பால் காய்ச்சுறது?"

"பட்டாளத்துல ஏதுப்பா ஆடி? அவள ரயில் ஏத்தி வுடுங்க."

மறுநாளே பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். ஏழுமலை வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்து, காயை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "புதுப் பொண்ண ஆடி மாசத்துல புருஷன்கிட்ட அனுப்புனா ஊர்ல என்னா பேசுவாங்க தெரியுமா சம்பந்தி? இருபத்திரண்டு நாள். ஆவணி பொறந்ததும் நானே கொண்டாந்து வுடுறேன்" என்றார். தமிழரசி மோர் கொடுக்கிற சாக்கில் வந்து, "மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னா அப்பா கேப்பாரு" என்றாள். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன் நான். ஆடியில் புது வீடு புகுந்தவர்கள் எல்லாரும் கெட்டுப்போகவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் என்னைச் சொல்வார்கள் என்ற பயம். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். போன் வந்த பதினோராம் நாள் வீடு பதினேழாவது பெயருக்குப் போனது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே அசிங்கம். குவார்ட்டர்ஸில் கட்டில், மேசை எல்லாம் இருக்கும், பெட்டியோடு போனால் போதும். வெளியே பார்த்த வீட்டில் சுவர் மட்டும்தான். சீராக வந்த பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்ற வேண்டியதாயிற்று. குவார்ட்டர்ஸில் வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் துணைக்கு இருந்தார்கள். இங்கே, பாஷை தெரியாத ஊரில், புருஷன் நைட் டியூட்டி போனால் பெண் தனியாக இருக்க முடியாது என்று என்னையும் கூட்டிவந்தார்கள். இருப்பது பதினொன்றுக்குப் பதினான்கு அடியில் ஒரே அறை, தகரக் கூரை போட்ட ஒரு தாழ்வாரம். தாழ்வாரம் எனக்கு. நான் இருமினால் அறையில் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் காலையில் மாடி, மாலை ஆறு முதல் எட்டு வரை ரயில் நிலையத்தில் நான்காவது பெஞ்சு.

ஆவணியில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். கிழக்கே பார்த்து அடுப்பை வைத்தோம், பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. வீட்டுக்காரம்மா, "தூத், தூத்" என்று அவர்கள் பாஷையில் பாலைச் சொல்லிக் கத்திக்கொண்டே படியேறி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பொங்கி வழியத்தான் வேண்டும் என்று தமிழரசி கையால் காட்டினாள். அந்த அம்மாளுக்கு ஏறவில்லை. இவர்களுக்குப் பால் வழிந்தால் ஆகாதாம். கவனம் கெட்ட குடும்பம் என்று முடிவுகட்டி, ஒரு சொட்டும் வழியாத அடுப்பைத் துடைத்ததாகச் சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கினாள். எந்தப் பாலுக்காக ஒரு வீட்டை விட்டோமோ அந்தப் பால் பொங்கவேயில்லை.

நம் ஊரில் ஆசிரமம் பக்கம் செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்களிடம் இரண்டு மடங்கு வாடகை வாங்குவதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். இங்கே நான்தான் வெள்ளைக்காரன். புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு மறுநாளிலிருந்து என்னைத் தெரியாதவன்போலப் போனான்.

போன திங்கட்கிழமை உத்தரவு வந்தது. மார்ச் என்று சொன்னது மாறி, இந்த மாதம் இருபதாம் தேதியே சிவக்குமார் எல்லைக்குப் போகிறான். இரண்டு வருடம். தமிழரசி அழவில்லை. பாத்திரத்தைச் சாக்கில் கட்டியபடி, "அஞ்சு மாசம் இருந்தோம் மாமா. அந்த வீடுன்னா இன்னும் பதினைஞ்சு நாள் சேத்து இருந்திருப்போம். கதவு சாத்திக்கினும் இருந்திருப்போம்" என்றாள். அவளும் எண்ணியிருக்கிறாள்.

வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தர மாட்டாராம். சுவரில் சாம்பார் வாசனை ஏறிவிட்டதாம், வெள்ளையடிக்க வேண்டுமாம். வேங்கிக்கால் வீட்டுச் சாவி என் அரைஞாணில் கிடக்கிறது. அங்கே போய்த் திறந்தால் இந்தத் தாழ்வாரத்தில் படுத்ததுபோலவே வாசற்பக்கம் ஒதுங்கித்தான் படுப்பேன் என்று தோன்றுகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் வெயில் ஏறி, பனி விலகிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்று ஐந்து சட்டைகள்.

வரும்போது லாரி 38,500. திரும்பப் போக 41,000. புரோக்கர் 9,000. போன அட்வான்ஸ் 18,000. பொங்காத பாலுக்கு 300. கீழ்பென்னாத்தூரில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு ஆன செலவு, ஒரு லட்சத்து ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.