ஊதாமல் பழகியவர்கள்

திகாம் பத்து என்ற ஊரில் எங்கள் பள்ளியின் ரெக்கார்டர் குழல் குழுவை நான்தான் நடத்துகிறேன். வீட்டில் ஊதிப் பழகச் சொன்னால் பாதிப் பேர் பழகாமல் வந்தார்கள். நன்றாக ஏசினேன்.

"அப்பாவுக்கு ஃபேக்டரில நைட் ஷிப்ட், டீச்சர். பகல்லதான் தூங்குவாரு" என்றாள் ஒரு மாணவி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"அப்படின்னா ஊதாதீங்க. வெரலையாவது ஓட்டுங்க" என்றேன், எரிச்சலில்தான். பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

மாவட்டப் போட்டியில் பாட்டு வேகமெடுத்த இடத்தில் மற்றக் குழுக்கள் தடுமாறின. எங்கள் பிள்ளைகளின் விரல் ஒன்றுகூடப் பிசகவில்லை. முதல் பரிசு எங்களுக்கு.

இரவு வேலை முடிந்து, சீருடையோடு நேராக மண்டபத்துக்கு வந்திருந்த அந்த மாணவியின் அப்பா, "இதெல்லாம் எப்பம்மா பழகுன?" என்றார்.

"உங்க கட்டில் பக்கத்துலதான்பா."