அழாத சூசை

பிள்ளைகளா, உங்கள் அய்யா ஒரு மனிதனுக்குச் செய்த தீங்கை இதில் எழுதுகிறேன்.

தனுஷ்கோடியில் நான் ரயிலில் மீன்பெட்டி ஏற்றிய காலம். தம்பியோடு கடலுக்குப் போன மீனவன் சூசை தனியாகத் திரும்பினான். “வலைக்கயிறு தம்பி காலச் சுத்தி இழுத்துருச்சு” என்றவன், கண் கலங்காமல் மிச்ச வலையைக் காயப்போட்டான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னைக் கேட்டார்.

“தம்பியப் பறிகொடுத்தவன் மூஞ்சியாய்யா இது? இவன்தான் தள்ளிவிட்டிருப்பான்” என்றேன்.

சூசையை இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

“பொணம் கரையேறுற வரைக்கும் நாங்க அழமாட்டோம்ண்ணே. அழுதா, செத்துட்டான்னு நாமளே கடலுக்குச் சொன்ன மாதிரி. நயினார்கோவில் வயக்காட்டுக்காரவுக ஒங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

போலீஸிடம் சொன்னதை மாற்றினால் என்னையும் பிடிப்பார்களோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் உடல் ஒதுங்கியது. அவன் சொன்னபடியே காலில் கயிறு. வெயில் தாங்காதென்று அன்றே புதைத்தார்கள். சூசையை விட்டது இரண்டு நாள் கழித்து. குழிமேட்டில் விழுந்து அவன் போட்ட ஓலம் ரயில் சத்தத்தையும் மீறியது. தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவன் நான். காற்று பலமாக அடித்தால் இன்றும் அந்த ஓலம் கேட்கிறது.

சூசை வந்து ஒரு வாரம் கழித்துத் தனியாக அங்கே போனேன். குழிமேட்டு மணலைக் காற்று வாரிப் போயிருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டு மூடிவிட்டு வந்தேன்.