யாருக்கு வலது

ராசிபுரம் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டயர் மாற்றும்வரை சாலையோர மாரியம்மன் கோயிலில் ஒதுங்குகிறேன். நிற்கும் இடத்தைப் பொறுத்தே எதற்கும் பொருள் என்று சேலத்தில் ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு வருகிறேன். நன்றாகவே கை தட்டினார்கள்.

உள்ளே ஒரு அம்மா அம்மனிடம் பூ வாக்கு கேட்கிறார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போன மகனிடமிருந்து மாதக்கணக்கில் தகவல் இல்லையாம். அம்மனின் இரண்டு தோளிலும் பூசாரி ஈரப் பூ ஒட்டியிருக்கிறார். அம்மனுக்கு வலப்பக்கப் பூ விழுந்தால் மகன் வருவான். இடப்பக்கம் விழுந்தால் வரமாட்டான். ஒருமுறைதான் கேட்கலாம்.

பூ விழுகிறது. அம்மா என்னைப் பார்க்கிறார்.

"வலதுதானுங்களே?"

எங்களுக்கு வலது. எதிரே எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மனுக்கு இடது.

"நாம நிக்கிற பக்கத்துக்கு வலதுதாங்க," என்கிறேன். மேடையில் பேசியது இவ்வளவுக்குத்தான் உதவுகிறது.

"நாம நிக்கிற பக்கம் எனக்குந் தெரியுதுங்க. நாங் கேட்டது அவளையில்லீங்களா?"

பூசாரி குனிந்து பூவைப் பொறுக்குகிறார். "பூவு சரியா ஒட்டலைங்க சாமி. மறுக்கா வெக்கறேன்."

அம்மா கண்ணை மூடிக் கும்பிடுகிறார். அம்மனின் வலத்தோளில் பூவைச் சும்மா சாத்திவிட்டு, இடத்தோள் பூவை மட்டும் பூசாரி கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டுகிறார்.