கருமாதிப் பிரஸ்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை சங்கரன்கோவிலில் எங்கள் பிரஸ்ஸுக்கு போர்டு தேவைப்பட்டதில்லை. அவர்தான் போர்டு. காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை, சாயங்காலம் ரத வீதியில் ஒரு நடை, முகூர்த்த நாளென்றால் சிவகிரிக்கோ ராயகிரிக்கோ முதல் பஸ். அழைப்பு வந்ததா வரவில்லையா என்று பார்க்கிற ஆளில்லை அவர். மாப்பிள்ளை வீட்டாரோடு வீட்டாராக வாசலில் நின்று சந்தனக் கும்பாவை நீட்டிக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து மாதிரிப் பத்திரிகைகள் இருக்கும். பந்தியில் பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுவிடுவார்.

"நாலு பேரப் பழகி வச்சாத்தான் தொழிலு. மிஷினு என்ன, எவனும் வாங்கிப் போடலாம்" என்பார்.

எனக்கு அது பிடிக்காது. ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் இப்படி இளித்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் அதற்கும் இளிப்பார். அவ்வளவு நல்ல மனுஷன், அவ்வளவு எரிச்சல் எனக்கு.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம், அடித்து முடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரஸ் வாசலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்தக் கட்டை வாங்க அந்த வீட்டுக்காரர்கள் வரவே இல்லை. அவசர அவசரமாக வேறு பிரஸ்ஸில் அடித்துக்கொண்டார்கள். அதை நான் குற்றம் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லத்தான் செய்கிறேன்.

கொழுந்தன் மிஷினை விற்றுவிடச் சொன்னார். விற்றுவிட்டு அவர் வீட்டுப் புறவாசலில் நானும் என் பெண்ணும் வேளைக்குச் சோறு வாங்கித் தின்ன வேண்டும், அதுதான் ஏற்பாடு. முடியாது என்றேன். காரியம் முடிந்து ஒரு மாதம் போனதும் பிரஸ்ஸைத் திறந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் அண்ணாச்சி அவர் காலத்திலிருந்தே இருந்தவர், என்னை விட்டுப் போகவில்லை. எனக்குப் படிக்க, கணக்குப் போட, பிழை பார்க்கத் தெரியும். போதும் என்று நினைத்தேன்.

அந்தத் தை மாதம் புரிந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் கிழங்கு வைத்து, எழுதிக் கொண்டுவந்த தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நல்ல நேரம் பார்த்துக் கொடுப்பார்கள். கல்யாணத்தில் நடக்கிற முதல் காரியம் அது. படியேறி வந்து, நாற்காலியில் பொட்டில்லாத நெற்றியோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தாம்பாளம் அப்படியே நிற்கும். "அண்ணாச்சி இல்லையா?" என்பார்கள், என் வீட்டுக்காரர் செத்தது தெரியாதது போல. "சரி, பொறவு வாறோம்." பிறகென்ன பிறகு.

கம்பாசிட்டர் அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, தப்பா நெனைக்காதிய. கல்யாண ஆளுக வந்தா நீங்க கொஞ்சம் உள்ள இருங்க. நான் முன்னால இருந்து வாங்கிக்கிடுதேன்."

காகிதம் அடுக்கியிருக்கிற உள்ளறைக்கு ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினோம். தாம்பாளம் தெருமுனையில் தெரிந்தால் அண்ணாச்சி இருமுவார். நான் எழுந்து உள்ளே போய்க் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, திரைக்குக் கீழே தெரியாமல் காலை இழுத்துக்கொள்வேன். என் பிரஸ்ஸில், என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட மிஷினுக்குப் பின்னால், திருடியைப் போல ஒளிந்துகொண்டு என் தொழில் நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படியும் நடக்கவில்லை. ஊருக்குத்தான் தெரியுமே யார் பிரஸ் என்று. இரண்டு முகூர்த்த மாதம் போனபின் இருமலும் நின்றுவிட்டது.

அவர் செய்ததையே நானும் செய்து பார்த்தேன். ராயகிரியில் பழைய வாடிக்கை வீடு ஒன்றில் கல்யாணம். மூத்த பிள்ளைகளுக்கெல்லாம் நாங்கள்தான் பத்திரிகை அடித்தோம். நல்ல வெள்ளைச் சேலையாக உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. அந்த வீட்டுப் பெரியம்மா மெல்ல வந்து என் முழங்கையைப் பிடித்து, பாசமாகத்தான், பின்பக்கம் அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு பலகையில் உட்காரவைத்தார். "இரு தாயி, சாப்புட்டுட்டுத்தான் போவணும்." தாலி கட்டுகிற மேளம் அங்கிருந்து கேட்டது. கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு சாப்பிட்டேன். பையில் இருந்த மாதிரிப் பத்திரிகைகளை எடுக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது செத்தவர் மேல்தான் கோபம் வந்தது. பழகி வைத்த நாலு பேரையும் கூடவே கொண்டுபோய்விட்டாரே என்று.

அடுத்த மாதம் சிவகிரியில் ஒரு பஞ்சு வியாபாரி இறந்துபோனார். என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். துட்டி கேட்கப் போகாமல் இருக்கக்கூடாது, போனேன். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு அழுவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் வட்டம் விலகி எனக்கு இடம் விட்டது. செத்தவர் சம்சாரம் என்னைவிடச் சின்னவள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யக்கா, ஒனக்குத் தெரியும்லாக்கா, ஒனக்குத் தெரியும்லா" என்று கதறினாள். தெரியும். என் வீட்டில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதேன். ஒரு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு வீட்டில் என்னை யாரும் ஓரத்துக்கு நகர்த்தவில்லை.

கிளம்பும்போது அவளுடைய அண்ணன் வாசல்வரை வந்தார். "பதினாறுக்குப் பத்திரிக அடிக்கணும். நீங்களே அடிச்சுருங்க. வேற எங்கன போயி அலையதுக்கு?"

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் வருகிறார்கள், யார் வந்தார் என்று எவனுக்கும் நினைப்பிருப்பதில்லை. சாவு வீட்டில் யார் வந்தார் என்பதை ஆயுசுக்கும் மறப்பதில்லை. அதோடு அந்த ஒரு வாசலில் மட்டும்தான் என்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதன்பிறகு தேடித் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பூக்கடை வைத்திருந்தவர், சாவு வீட்டிலிருந்து பெரிய மாலைக்குச் சொல்லிவிட்டால் எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குச் சொல்லிவிடுவார். "மதினி, குருவிகுளத்துல ஒண்ணு. பெரிய குடும்பம்" என்பார், சந்தையில் கத்தரிக்காய் நல்லதாக வந்திருக்கிறது என்பதைப் போல. நானும் அதே குரலில், "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்பேன். கரிசல் காட்டுப் புழுதியில் நடந்து போய், முன்பின் பார்க்காத பெண்களின் தோளில் கைபோட்டு உட்காருவேன். அழுகை வருமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வந்தது. யாருக்காக வந்தது என்பது என் சொந்த விஷயம். எழுந்து வரும்போது வீட்டு ஆண்களில் ஒருவரிடம், "சங்கரன்கோவில்ல நம்ம பிரஸ்ஸு இருக்கு" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல் பேசினால் எனக்கே அருவருப்பாக இருந்திருக்கும்.

தொழில் பிடித்துக்கொண்டது. கருமாதிப் பத்திரிகை, வருஷத் திதிப் பத்திரிகை, சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி. யாரும் பேரம் பேசுவதில்லை, காக்கவைப்பதும் இல்லை. மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள், நல்ல பாவாடை உடுத்தினாள். ஊரில் எங்களுக்கு ஒரு பெயரும் வந்தது, கருமாதிப் பிரஸ். ரிக்‌ஷாக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் வழி தெரியும் என்கிற அளவுக்கு.

கல்யாணப் பூவெழுத்துகளும், வெற்றிலைக் கொடி பார்டரும், அம்மன் படம் செதுக்கிய பிளாக்கும் அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தன. வருஷத்துக்கு ஒருதரம், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால், அண்ணாச்சி அவற்றை எடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். "வீணா எதுக்கு?" என்று மிஷின் ஓட்டுகிறவர் கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். "எம்மவளுக்கு வேணும்."

அதுதான் என் திட்டம். மதுரையிலிருந்து உயர்ந்த மஞ்சள் அட்டை ஒரு கட்டு வருவித்து உள்ளறையில் வைத்திருந்தேன். மகள் கல்யாணப் பத்திரிகையை எங்கள் மிஷினில் அடித்து, நான் உட்கார்ந்து அழுத வீடு ஒன்று பாக்கியில்லாமல், சிவகிரி, ராயகிரி, குருவிகுளம் எங்கும் அனுப்ப வேண்டும். அடியில் சின்ன எழுத்தில் பிரஸ் பெயர் இருக்கும். ஒரு சுபகாரியத்தில் எங்கள் பெயரைப் பார்த்துவிட்டார்கள் என்றால் பிறகு தாம்பாளத்தோடு வர ஏன் கூசப்போகிறார்கள்? அவர் நாலு பேரைத்தான் பழகினார், நான் நானூறு பேரைப் பழகி வைத்திருக்கிறேன் என்று மனதுக்குள் அவரிடமே சவடால் விட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்திலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். நிச்சயத்தன்று எல்லாம் பேசி முடித்து இலை எடுக்கிற நேரம், சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மதினி. பத்திரிகைய மட்டும் ரெண்டு வீட்டுக்கும் சேத்து நாங்களே அடிச்சுக் கொண்டாந்துருதோம்."

"பிரஸ்ஸே நம்மளுதுதான மதினி" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அவர்கள் போனபின் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். "அட்டை கூட வாங்கி வச்சாச்சு. அவ்வளவு லேசுல விடமாட்டேன். நாளைக்கே ராஜபாளையம் போறேன்" என்றேன். மகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எம்மா, போவாதிய. எனக்கும் நம்ம பிரஸ்ஸுல வேண்டாம்."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"பள்ளிக்கூடத்துல என் பேரே கருமாதிப் பிரஸ்ஸுதான். நான் பக்கத்துல உக்காந்தா எந்திச்சுப் போவாளுவ. ஒங்ககிட்ட சொன்னதில்ல. கல்யாணத்துலயாவது அது வேண்டாம்மா."

அறைந்திருப்பேன், கை வரவில்லை. அவள் உடுத்தியிருந்த நிச்சயச் சேலையும் அந்தப் பத்திரிகைகளில் வந்ததுதான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லாததற்காகச் சில நாள் சந்தோஷப்படுகிறேன், சில நாள் ஆத்திரப்படுகிறேன்.

பத்திரிகை ராஜபாளையத்தில் அடித்து வந்தது. நான் போய் வைக்கக்கூடாது என்பதால் கொழுந்தனும் அவர் சம்சாரமும் வீடு வீடாகப் போய் வைத்தார்கள். எந்தெந்த வீடு என்று நான்தான் சொல்லி அனுப்பினேன், ஒன்று விடாமல்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் காய்கறி வைக்கிற அறைதான் என் இடம். தேங்காய் எடுத்துக் கொடுப்பது, சாவி பார்ப்பது. கதவிடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் தெரிந்தார்கள், கொழுந்தனுக்கு வேண்டியவர்கள் தெரிந்தார்கள். எனக்கு வேண்டியவர்கள் ஒருத்திகூட இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறிய சிவகிரிக்காரி வரவில்லை. குருவிகுளத்து அக்கா தங்கச்சிகள் வரவில்லை. நன்றிகெட்டவர்கள் என்று பல்லைக் கடித்தேன். கெட்டிமேளம் கேட்டபோதுதான் மண்டையில் உறைத்தது. வருஷக்கணக்காக ஊர் ஊராய்ப் போய் நான் பழகி வைத்ததெல்லாம் யாரை? தாலியறுத்தவர்களை. என்னைப் போலவே ஒரு கல்யாண மண்டபத்தில் கால் வைக்க முடியாதவர்களை. அவர்கள் எப்படி வருவார்கள்? தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அழுதேன். என் மகள் கல்யாணத்தில் அழுத சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாதே என்று அதற்கும் பயம்.

மறுவாரம் சிவகிரிக்காரி பிரஸ்ஸுக்கு வந்தாள். மகளுக்கு என்று ஒரு செம்புக் குடம் கொண்டுவந்திருந்தாள். "வரணும்னுதான் இருந்துச்சுக்கா. நான் வந்தா நல்லாருக்காதுல்லா" என்றாள். உள்ளறைக்குக் கூட்டிப்போய், அந்த மஞ்சள் அட்டைக் கட்டின் மேல்தான் உட்காரவைத்தேன். வேறு எதற்கும் ஆகாத கட்டு.

பேசிக்கொண்டிருக்கும்போது முன்னால் அண்ணாச்சி இருமினார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்த இருமல். யாரோ வெளியூர்க்காரர்கள், திரையிடுக்கில் தாம்பாளம் தெரிந்தது, மஞ்சள் தடவிய தாள் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமலேயே நாங்கள் இரண்டு பேரும் திரைக்குக் கீழே தெரியாமல் காலை இழுத்துக்கொண்டோம். அவள் மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இங்கன கல்யாணப் பத்திரிக அடிக்கிற பிரஸ்ஸு எங்க இருக்கு?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார்கள்.

அண்ணாச்சி, தேரடி தாண்டி இடது பக்கம் இருக்கிற பிரஸ்ஸுக்குப் போகச் சொன்னார். சரியான வழியைத்தான் சொன்னார்.