நாற்பத்து மூன்று கடல்குதிரைகளும் ஒரு ரகுராமும்

"ஒரு தடவை நான் பார்த்த கடல்குதிரை மறுபடி என் முன்னாடி வந்து, அது எதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சுன்னா, அன்னிக்கே இந்த வேலையை விட்டுடறேன்."

விலங்கியல் பேராசிரியர் ரகுராம் இந்தச் சபதத்தைச் செய்த இடம் திருச்சியில் ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறை. கேட்டுக்கொண்டிருந்த தாவரவியல் பெனடிக்ட் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல், ஹெல்மெட் போட்டுக்கொண்டால் சொந்த மச்சினனையே தனக்குத் தெரிவதில்லை என்றார். அதைத் தாவரவியலின் குறைபாடாக ரகுராம் எடுத்துக்கொண்டார்.

ரகுராம் ஸ்ரீரங்கத்துக்காரர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்தவர் கடலைத் தேடிப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. இரண்டு ஆற்றிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். மீனைத் தின்றதில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதிலிருந்து மீனைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை என்று அவர் மனைவி வேதவதி சொல்வாள். அவள் எடமலைப்பட்டி புதூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிறு சாயங்காலம் கடலிலிருந்து திரும்பும் கணவர் கொல்லைப்பக்கமாக வந்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஐம்பது வயதிலும் அவர் அதை மீறியதில்லை.

அவருடைய கடல் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு மீனவர் ஊரை ஒட்டி இருந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடல்புல் வளர்ந்த ஒரு திட்டு. கடல்குதிரைகள் அந்தப் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். இழுவலை போனால் புல்லும் போகும், குதிரையும் போகும். ரகுராம் இரண்டு வருஷம் நயந்து பேசி ஊர்க்கூட்டத்தைச் சம்மதிக்க வைத்திருந்தார்: மூன்று வருஷம் அந்தத் திட்டில் வலை இழுப்பதில்லை, எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டால் திட்டைத் திறந்துவிடலாம். எண்ணுகிறவர் ரகுராம். அவர் சொல்வதுதான் கணக்கு.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. புல்லின் மேல் நூறு மீட்டர் கயிறு போட்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, கயிற்றோடு நீந்திக்கொண்டே கண்ணில் படும் ஒவ்வொன்றையும் படமெடுக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, பழைய படங்களோடு தலையை ஒப்பிட வேண்டும். கடல்குதிரையின் தலையில் கிரீடம்போல ஒரு முடிச்சு இருக்கிறது. கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. இடத்துக்குத் தகுந்தாற்போல் மாறிவிடும். இதை ஒவ்வொரு ஜூனிலும் ரகுராம் மாணவர்களுக்கு அடிக்கோடிடச் சொல்லி நடத்துவார். தனக்கு அது அவசியமென்று அவர் நினைக்கவில்லை. அவருக்குக் கண் இருந்தது. படங்கள் திறக்கப்படாமலே கம்ப்யூட்டருக்குள் போயின. நோட்டில் "மஞ்சள், புதுசு", "கறுப்பு, புதுசு" என்று ஏறிக்கொண்டே வந்தது. படகுக்கார அற்புதசாமி இரண்டு முறை, "சார், இது போன மாசம் பார்த்த ஆள் மாதிரியே இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். ரகுராம் விஞ்ஞானத்தைப் பொறுமையாக விளக்கினார். அற்புதசாமி இன்ஜினைக் கவனிக்கப் போனார்.

மூன்றாம் வருஷ முடிவில் எண்ணிக்கை நாற்பத்து மூன்று. பேப்பரில் படத்தோடு வந்தது. ஜனவரியில் ஊர்க்கூட்டம், மாலைக்குச் சொல்லியாயிற்று. அற்புதசாமி புது வலை வாங்கிவிட்டார்.

மார்கழி, பகல் பத்து. பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த வேதவதி, கூட்டத்தில் காட்டுவதற்குப் படம் தேடிக்கொண்டிருந்த கணவரின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏன்னா, இதுவும் அதுவும் ஒண்ணுதானே?"

இது ஜூனில் எடுத்த மஞ்சள், அது அக்டோபரில் எடுத்த கறுப்பு, உடம்பெல்லாம் நார் நாராக முளைத்திருக்கிறது வேறு என்று அவர் விளக்கினார்.

"இருக்கட்டுமே. தலையைப் பாருங்கோ. ரெண்டுலயும் இடது பக்கம் ஒரு முள்ளு மொண்ணை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பத்து நாளும் பத்துச் சாத்துப்படி, நாளுக்கொரு அலங்காரம். உங்களை அனுப்பினா, கோயில்ல பத்து பெருமாள்னு எழுதிண்டு வந்துடுவேள்."

அடுத்த மூன்று நாள் ரகுராம் காலேஜுக்கு லீவு போட்டார். நாற்பத்து மூன்று முப்பத்தொன்றானது. முப்பத்தொன்று இருபத்தாறானது. ஒரே ஆண் ஐந்து பேராகப் பதிவாகியிருந்தது, அதில் மூன்று முறை வயிற்றில் குஞ்சுகளோடு. கடல்குதிரையில் சுமப்பது ஆண்தான் என்பதால் இது மட்டும் தவறில்லை. கடைசியில் பத்தொன்பதில் வந்து நின்றது.

வேறு யாரும் அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலை விழும். மறுநாள் அந்தப் பத்தொன்பதின் மேல் வலை விழும். விஷயத்தைக் கேட்ட பெனடிக்ட், ரவுண்டாக இருபது என்றாவது சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

கூட்டத்தில் ரகுராம் எழுந்து பத்தொன்பது என்றார். காரணத்தையும் சொன்னார். மாலை நாற்காலியிலேயே கிடந்தது.

"போன மாசம் நாப்பத்து மூணு, இப்ப பத்தொம்பது. அடுத்த மாசம் வந்து ரெண்டும்பீங்க. நாங்க வலையைக் காயப்போட்டுக்கிட்டே இருக்கணுமா?" என்றார் அற்புதசாமி.

சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பைத் தூக்கி வந்தார். காலையில் திட்டின் ஓரமாகப் போட்ட நண்டு வலையில் சிக்கிய ஒரு கடல்குதிரையை, திரும்ப விடுவதற்காகக் கடல்தண்ணீரில் வைத்திருந்தார்.

"இதை முன்னாடி பார்த்திருக்கீங்களா சார்? சொல்லிட்டா ஒத்துக்கிறோம்."

ரகுராம் குனிந்து பார்த்தார். பழுப்பு நிறம். முதுகில் பாசி. ஊர் அவரைப் பார்த்தது.

"தெரியலங்க. படத்தை வெச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

தரையிலேயே உட்கார்ந்து, படங்களை பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்த ஆல்பத்தைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கிரீடமாக ஒப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்த அற்புதசாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி கழித்து ஒரு படத்தின் மேல் முதலில் விரலை வைத்தது அவர்தான். இரண்டு பேரும் முள்ளை எண்ணிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஆல்பத்தைக் கூட்டம் முழுக்கக் கை மாற்றிப் பார்த்த பிறகு, திட்டை இன்னும் ஒரு வருஷம் மூடி வைப்பதென்று தீர்மானமாயிற்று.

டப்பில் இருந்தது ஏழாம் நம்பர். ரகுராம் அதை அதற்கு முன் பதினொரு தடவை பார்த்திருந்தார்.