மடங்காத விரலும் இரண்டு கை டேப்பிங்கும்

1. டாம்பரின் அடி

பகலில் சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை. சாயங்காலமானால் கல்யாண வீடுகளில் கிதார். சீசன் நேரத்தில் கட்டிங் மிஷினில் தாள் அடுக்கும்போது என் இடது மோதிர விரல் நசுங்கியது. எலும்பு கூடியது, விரல் மடங்கவில்லை. கிதாரில் பாதி சுரத்தைப் பிடிப்பதே அந்த விரல்தான்.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் முத்துராஜ் அண்ணன் வந்து பார்த்தார்.

“விடுலே. டாம்பரின் அடி. கிதாருக்கு வேற ஆளப் பாக்கேன்.”

“சூலக்கரை கல்யாணம் வரைக்கும் பொறுங்கண்ணே.”

“அதுக்குள்ள வெரலு மொளச்சிருமாக்கும்?”

எரிச்சலில்தான் டேப்பிங் பழக உட்கார்ந்தேன். இடது கைக்கு எட்டாத சுரத்தை, வலது கை நடுவிரல் கிதாரின் கழுத்துக்கே வந்து கம்பியைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்த விரலை எடுத்ததும் இடது கை பிடித்திருக்கும் சுரம் கேட்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான்.

2. ஒழுகாத குழாய்

தட்டினால் ‘டிங்’ என்றது. எடுத்தால் ஒன்றுமில்லை. பலமாகத் தட்டிப் பார்த்தேன். விரல் நுனி கன்றியது, எடுத்ததும் வரவேண்டிய சுரம் மட்டும் வரவில்லை. யூடியூபில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே “ரொம்ப ஈஸி” என்றான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மனைவி செல்வி நாரணாபுரத்தில் வெடி வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் படுப்பாள்.

“ஏங்க, கொழா சொட்டுதுன்னு ரெண்டு தடவ எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டேன். நீங்கதானா அது?”

கோபமாக அவள் பக்கம் திரும்பினேன். கம்பியில் இருந்த விரல் பக்கவாட்டில் வழுக்கியது. கம்பி சுண்டி, அடுத்த சுரம் கணீரென்று கேட்டது. இத்தனை நாளும் விரலை நேராக மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டது.

“இப்ப சொட்டல, ஒளுகுது” என்று சொல்லிவிட்டுச் செல்வி போர்த்திக்கொண்டாள்.

தொடாத கம்பிகள் சேர்ந்து இரைவதுதான் பாக்கி. அவள் தலைமுடி கட்டும் துணி ரப்பர் பேண்டை எடுத்துக் கிதார்க் கழுத்தின் உச்சியில் சுற்றினேன். அடங்கின.

3. சூலக்கரை

அண்ணன் புது ஆளையும் வரச் சொல்லியிருந்தார். அவன் கீழே கிதார் பெட்டியோடு காத்திருக்க, நான் மேடையில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாட்டின் இடையிசையில் இரண்டு கையையும் கிதாரின் கழுத்தில் வைத்தேன். ஒரு சுரம் பிசகியது. மீதி எல்லாம் சரியாக விழுந்தன. முன்வரிசைக்காரர்கள் சாப்பிடப் போகாமல் நின்றார்கள்.

அண்ணன் புது ஆளைப் பந்திக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். “ஏலே, இனி எல்லாப் பாட்டுலயும் இத வாசி!”

“பொண்ணு மாப்பிள மாலை மாத்துற பாட்டுலயுமா?”

“அதுல ரெண்டு தடவ!”

பழக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தட்டப் பலம் வேண்டாம். விரலை எடுக்கும்போது பக்கவாட்டில் சுண்டி எடுங்கள். ஒரு கச்சேரிக்கு ஒரு இடம் போதும். அதற்கு மேல் போனால் கேட்கிறவர்களுக்குக் காது வலிக்கும். இதை முத்துராஜ் அண்ணனுக்குப் புரியவைக்கத்தான் இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.